வாசகர் கேள்வி பதில்: பூனைக்கு டிக்கெட் எவ்வளவு?

பட்ஜெட் விமானத்தில் செல்லப்பிராணியை அழைத்துப் போவது பற்றி நிறைய கடிதங்கள் வந்திருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, விலங்குகளை விமானத்தில் அனுப்பும் வேலையை நன்கு அறிந்தவர்களிடம் கொடுத்துப் பதில் வாங்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு டிக்கெட் மிக மலிவாகக் கிடைத்தது. ஆனால் ஐந்து கிலோ பூனைக்கு அதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். அதற்கு ஒரு இருக்கைகூடக் கிடையாது, என் காலடியில்தான் இருக்கப்போகிறது. இது என்ன கணக்கு?

பதில்: உங்கள் டிக்கெட் விலை, விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். பூனைக்கான கட்டணம் பெரும்பாலான நிறுவனங்களில் அப்படி மாறுவதில்லை. மூன்று மாதம் முன்பே பதிவு செய்தாலும், முந்தின நாள் செய்தாலும் அதே தொகைதான். ஆகவே நீங்கள் எவ்வளவு மலிவாக டிக்கெட் பிடிக்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தக் கட்டணம் பெரிதாகத் தெரியும். ஒரு விமானத்தின் கேபினில் இத்தனை விலங்குகள்தான் என்று வரம்பும் உண்டு. விரல் விட்டு எண்ணிவிடலாம். இடம் குறைவு, கேட்பவர் அதிகம், எனவே விலை இறங்க வழியில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தக் கட்டணத்தைப் பற்றி மட்டும் அல்ல, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் மற்ற செலவுகளைப் பற்றியும்தான். முதலாவது, கட்டணம் ஒரு வழிக்கு, அதுவும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி. போய்வர நான்கு விமானம் ஏறினால் நான்கு முறை கட்ட வேண்டும். இரண்டாவது, பல நிறுவனங்கள் பூனைப் பையையே உங்கள் கைப்பையாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். அப்படியானால் உங்கள் துணிமணிக்குத் தனியாகப் பெட்டிக் கட்டணம். மூன்றாவது, இருக்கை. அவசர வழி வரிசையும், முன்னால் இருக்கை இல்லாத முதல் வரிசையும் உங்களுக்குக் கிடையாது, ஏனென்றால் பையைத் தள்ளிவைக்க முன்னிருக்கையின் அடி வேண்டும். தானாக ஒதுக்கப்படும் இருக்கை அங்கே விழுந்துவிட்டால் கவுண்டரில் மாற்ற வேண்டிவரும் என்பதால், பணம் கட்டி முன்பே இருக்கையைத் தேர்ந்தெடுப்பதுதான் நிம்மதி. நான்காவது, விலங்கோடு வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆன்லைன் செக்-இன் இல்லை, கவுண்டருக்குத்தான் வர வேண்டும். கவுண்டர் செக்-இன்னுக்குக் காசு வாங்கும் நிறுவனமாக இருந்தால், உங்களுக்கு அது விலக்கா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்த நான்கையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அதே பாதையில் பறக்கும் வழக்கமான விமான நிறுவனத்தின் மொத்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். டிக்கெட்டில் தெரிந்த வித்தியாசம் பல நேரங்களில் பாதிக்கும் கீழே வந்துவிடும். சில பாதைகளில் பட்ஜெட் விமானம்தான் விலை அதிகம்.

கேள்வி: நான் பார்த்த இணையதளத்தில் செல்லப்பிராணி சேர்க்கும் வசதியே இல்லை. விமான நிலையத்தில் போய்க் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இணையதளத்தில் இல்லை என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று, அந்த நிறுவனம் செல்லப்பிராணிகளை ஏற்றுவதே இல்லை. ஐரோப்பாவின் ரையன்ஏர், ஈஸிஜெட் இரண்டும் அப்படித்தான், உதவி நாய்களுக்கு மட்டும் விதிவிலக்கு. இல்லையென்றால் தொலைபேசி வழியாக மட்டும் பதிவு செய்பவர்களாக இருப்பார்கள்.

முதலில் அழைத்து, உங்கள் தேதியில், உங்கள் விமான எண்ணில் விலங்குக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்ற பிறகே டிக்கெட் வாங்குங்கள். முடிந்தால் அதே அழைப்பிலேயே இரண்டையும் முடித்துவிடுங்கள். பலர் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, பூனைக்கு இடமில்லை என்று தெரிந்ததும், திரும்பப் பெற முடியாத அந்தப் பணத்தை இழக்கிறார்கள். பதிவு முடிந்ததும் உங்கள் முன்பதிவில் கேபின் விலங்குக்கான 'பி.இ.டி.சி' குறியீடு ஏறியிருக்கிறதா என்று கேட்டு, மின்னஞ்சலில் உறுதிப்பாடு வாங்குங்கள். சரக்கு அறையில் போகும் விலங்குக்குக் குறியீடு 'ஏ.வி.ஐ.எச்'. "நோட் போட்டிருக்கிறேன் மேடம்" என்று வாயால் சொல்வது கவுண்டரில் செல்லாது.

கேள்வி: எட்டு கிலோ வரை கேபினில் அனுமதி என்று போட்டிருக்கிறது. எங்கள் நாய் 7.6 கிலோ. சமாளித்துவிடலாமா?

பதில்: அந்த எட்டு கிலோ பையோடு சேர்த்து. நல்ல துணிப் பை ஒன்று, அடிப்பலகை, விரிப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோ வரை வரும். அப்படியானால் உங்கள் நாய் ஒன்பது கிலோவைத் தாண்டிவிட்டது. வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஏழிலிருந்து பத்து கிலோ வரை பரவலாக இருக்கும். பத்து கிலோ அனுமதிக்கும் நிறுவனத்தைத் தேடுங்கள். எட்டு கிலோவுக்கு நாயைப் பட்டினி போட்டு இளைக்கவைக்கும் யோசனை வேண்டாம்.

வீட்டில் எடை பார்க்கும்போது நாயைப் பைக்குள் விட்டு, ஜிப்பை மூடி, பையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நின்று கழியுங்கள். விரிப்பு நனைந்தால் எடை கூடும் என்பதால் கால் கிலோ மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைவிடப் பையின் உயரத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். இருக்கைக்கு அடியில் இருக்கும் உயரம் விமானத்துக்கு விமானம் மாறும், பொழுதுபோக்குத் திரைக்கான பெட்டி பொருத்திய இருக்கையில் இன்னும் குறையும். துணிப் பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் பெட்டி கொடுக்காது. ஆனால் அமுங்கிய பிறகும் நாய் உள்ளே எழுந்து நின்று ஒரு சுற்றுத் திரும்ப முடிய வேண்டும். கவுண்டர் ஊழியர் பார்ப்பது அதைத்தான்.

பை பொருந்தவில்லை என்றால் "சரி, கீழே அனுப்பிவிடுங்கள்" என்று சொல்ல முடியாது. சரக்கு அறைக்குத் துணிப் பை ஆகாது, கெட்டியான கூண்டு வேண்டும். பல பட்ஜெட் நிறுவனங்களில் கீழே விலங்கு ஏற்றும் ஏற்பாடே கிடையாது. விமானத்தைத் தரையிறக்கி அரை மணி நேரத்துக்குள் மறுபடி கிளப்புவதில்தான் அவர்களுக்கு லாபம். கூண்டை வெயிலில் நிறுத்தாமல் கொண்டுவந்து, கடைசியாக ஏற்றி, முதலில் இறக்கி, விமானிக்குத் தகவல் கொடுக்கும் வேலைக்கு அதில் நேரம் இல்லை. சரக்கு அறையில் விலங்குக்குத் தேவையான காற்றோட்டமும் சூடேற்றும் வசதியும் எல்லா விமானத்திலும் பொருத்தப்பட்டிருப்பதும் இல்லை.

கேள்வி: 30 கிலோ லாப்ரடார். மலிவான வழி எது?

பதில்: பட்ஜெட் விமானத்தை மறந்துவிடுவதுதான். பெரிய நாய்க்கு இருக்கும் இரண்டு வழிகளில் மலிவானது, நீங்கள் பயணிக்கும் அதே விமானத்தில் கூடுதல் பெட்டியைப் போல அனுப்புவது. இதை வழக்கமான நிறுவனங்கள் சில செய்கின்றன. இதற்கு ஒரு நிலையான கட்டணமோ, உண்மை எடைக்குக் கிலோ கணக்கோ இருக்கும். மற்றது கார்கோ, தனிச் சரக்குச் சீட்டோடு. செலவு எகிறுவது இதில்தான். ஏன் என்று விளக்கமாகவே பார்த்துவிடலாம்.

கார்கோவில் பொருள் எவ்வளவு கனம் என்பதோடு, எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். கூண்டின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் வருவது 'கன எடை'. உண்மை எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம்.

கூண்டின் அளவை நாய்தான் முடிவு செய்யும். சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள விலங்கு விதிப்படி நான்கு அளவுகள் எடுக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உயரம். தோள்பட்டையின் அகலம். நின்ற நிலையில் தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அது. உங்கள் நாய்க்கு இவை 75, 35, 25, 68 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூண்டின் உள்நீளம் 75 உடன் 35 இல் பாதி சேர்த்து 92.5. உள்அகலம் 25 இன் இரு மடங்கு, 50. உள்உயரம் 68, அதோடு விரிப்பின் தடிமன் 3 சேர்த்து 71.

வெளியளவே 91 × 64 × 69 இருக்கும் கூண்டு நீளத்தில் ஒன்றரை சென்டிமீட்டர், உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் போதாது. உள்ளளவு அதைவிடவும் குறைவு. அடுத்த அளவு, 102 × 69 × 76. பெருக்கி 6000 ஆல் வகுத்தால் 89 கிலோவுக்குச் சற்று மேல். நாய் 30, கூண்டு 12 என்று தராசு 42 காட்டினாலும் 89.5 அல்லது 90 கிலோவுக்குத்தான் பில் வரும். அதற்கு மேல் சரக்கு முனையக் கட்டணம், ஆவணக் கட்டணம், எக்ஸ்ரே, போய்ச்சேரும் இடத்தில் சுங்க முகவர் என்று வரிசை நீளும். பூனைக்கும் இதே கதைதான். 68 × 51 × 47 கூண்டில் ஒன்பது கிலோ மொத்த எடையுள்ள பூனைக்கு 27 கிலோவுக்கு மேல் கணக்கு.

ஆகவே கூண்டு வாங்குமுன் அளவெடுங்கள். நாய்க்குப் பார்ப்பது உள்ளளவு, பில்லுக்குப் பார்ப்பது வெளியளவு. "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று வாங்கும் பெரிய கூண்டு கட்டணத்தை ஏற்றும், விமானம் குலுங்கும்போது நாயை உள்ளே உருட்டவும் செய்யும்.

கூண்டைத் திருப்பி அனுப்பும் காரணங்கள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றே. மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிளாஸ்டிக் கிளிப்பால் பூட்டியிருப்பது (உலோகத் திருகாணி வேண்டும்). சக்கரத்தைக் கழற்றாதது. பிளாஸ்டிக் கதவு. நான்கு பக்கமும் காற்று வழி இல்லாதது. கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற முடியாத கிண்ணம். விரிப்பாக வைக்கோல், சில நாடுகள் தாவரத் தடைக்காவல் (குவாரண்டைன்) காரணமாக அதை ஏற்பதில்லை. கதவுக்குப் பூட்டுப் போடக் கூடாது, அவசரத்தில் திறக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போதும், கையில் நாலைந்து மிச்சம் வைத்திருங்கள். 'உயிருள்ள விலங்கு' லேபிளின் எழுத்து குறைந்தது 2.5 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் பக் இருக்கிறது. சப்பை மூக்கு நாய்களை ஏற்றமாட்டார்கள் என்கிறார்களே?

பதில்: சரக்கு அறையில் பல நிறுவனங்கள் ஏற்றமாட்டா. நாய் தன் உடல் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக், பெர்சியப் பூனை போன்றவற்றுக்கு மூச்சுப் பாதையே குறுகல். பயமும் சூடும் சேர்ந்தால் இரைப்பு கூடும், இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கும், காற்று இன்னும் குறையும். விமானம் பறக்கும்போதைவிட, தரையில் நிற்கும் அரை மணி நேரம்தான் ஆபத்து.

ஏற்றும் நிறுவனமும் கூண்டு 10 சதவீதம் பெரிதாக வேண்டும் என்று கேட்கும். மூன்று பக்கமும் 10 சதவீதம் கூடினால் கன அளவு 33 சதவீதம் கூடும், கார்கோ பில்லும் அப்படியே. பத்து கிலோவுக்குள் இருந்தால் கேபினே வழி. கேபினிலும் இந்த இனங்களுக்குத் தடை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பயந்த சுபாவம். தூக்க மருந்து கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சீராக வைத்திருக்கும் திறனைக் கெடுக்கும், கூண்டு சாயும்போது காலை ஊன்றி நிற்கும் சமநிலையையும் பறிக்கும். மருந்து கொடுத்த அறிகுறி தெரிந்தால் கவுண்டரிலேயே மறுப்பார்கள், டிக்கெட் பணம் போனதுதான். இரண்டு மூன்று வாரம் முன்பே பையை வீட்டில் திறந்து போட்டு, உள்ளே சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். செலவில்லாதது, வேலையும் செய்யும். பதற்றத்துக்கு லேசான மருந்து தேவையா என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவர் சொன்னாலும் பயணத்துக்குச் சில நாள் முன்பே ஒருமுறை வீட்டில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக்குப் போக ஆவணச் செலவு என்ன ஆகும்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பணம் வீணாகும் இடம் ஒன்றுதான்: வரிசை தவறுவது. முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), பிறகு ரேபிஸ் தடுப்பூசி. சிப் 15 இலக்கம் கொண்ட ஐ.எஸ்.ஓ வகையாக இருக்க வேண்டும். சிப் போடுமுன் போட்ட ஊசி, அது யாருக்குப் போட்டது என்று நிரூபிக்க முடியாததால், கணக்கில் வராது. மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு, மறுபடி பரிசோதனை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முதல் ஊசி 12 வாரம் நிறைந்த பிறகு போட்டு, 21 நாள் காத்திருக்க வேண்டும். ரேபிஸ் விஷயத்தில் அவர்கள் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து போவதானால் இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஊசி போட்டு 30 நாளுக்குப் பிறகு இரத்தம் எடுக்க வேண்டும், எதிர்ப்புத்திறன் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழிய வேண்டும். ஆக நான்கு மாதம். ஊக்க ஊசியின் தேதி தவறினால் எல்லாம் முதலிலிருந்து. கடைசியாக அரசு மருத்துவர் ஒப்பமிடும் சான்றிதழ் வாங்கிப் பத்து நாளுக்குள் அங்கே நுழைய வேண்டும், ஆகவே விமானத் தேதியை மாற்றினால் இந்தச் செலவும் மறுபடி.

பிரிட்டனுக்குச் செல்லப்பிராணியை விமானத்தின் கேபினில் கொண்டுபோக முடியாது, கார்கோதான். நாயென்றால் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு நாடாப்புழு மருந்து மருத்துவர் கையால் கொடுத்துப் பதிவாகியிருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிறையாத நாய் நுழைய முடியாது, மைக்ரோசிப்பும், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி-யின் படிவமும் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் தடைக்காவல் மையத்தில் குறைந்தது 10 நாள் தங்க வேண்டும், அந்தக் கட்டணமும் உங்களுடையது. பத்து நாள் விடுமுறைக்கு இத்தனையும் செய்வதைவிட, நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவதே நாய்க்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

கேள்வி: 'மனத்துணை விலங்கு' என்று இணையத்தில் சான்றிதழ் விற்கிறார்கள். வாங்கினால் கட்டணம் கிடையாதாமே?

பதில்: அமெரிக்காவில் ஒரு காலத்தில் நடந்தது. 2021 ஜனவரி 11 முதல் அங்கேயும் விமான நிறுவனங்கள் அதைச் செல்லப்பிராணியாகவே நடத்தலாம், கட்டணமும் வாங்கலாம். பயிற்சி பெற்ற சேவை நாய்க்குத்தான் விலக்கு. அந்தச் சான்றிதழுக்குக் கொடுக்கும் பணத்தைப் பெட்டிக் கட்டணத்தில் போடுங்கள்.

கேள்வி: விமான நிலையத்தில் பையை எக்ஸ்ரேயில் விடுவார்களா?

பதில்: பையை மட்டும். விலங்கை வெளியே எடுத்து, நீங்கள் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பூனை நழுவி ஓடுவது இங்கேதான். கழுத்துப்பட்டை போதாது, தலையை உருவிக்கொள்ளும். உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ் போட்டு, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். ஹார்னெஸில் உலோகம் இருந்தால் கழற்றச் சொல்லக்கூடும், துணி வார் உள்ளதாகப் பாருங்கள். தனி அறையில் சோதனை செய்யக் கேட்கும் வசதி பல நிலையங்களில் உண்டு, பூனைக்காரர்கள் கேட்டுவிடுவது நல்லது.

நான்கைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். உறிஞ்சும் விரிப்பை இரண்டு அடுக்காக விரித்தால், மேலே உள்ளது நனைந்ததும் உருவி எறிந்துவிடலாம்.

கேள்வி: விமானம் ரத்தானால் பூனைக்குக் கட்டிய பணம் திரும்ப வருமா?

பதில்: நிறுவனமே ரத்து செய்தால் டிக்கெட்டோடு சேர்த்துக் கேளுங்கள். பல இடங்களில் அது தனி வரியாக நிற்பதால், கேட்காவிட்டால் தானாக வராது. மாற்று விமானம் கொடுத்தால், அதில் விலங்குக்கான இடமும் மாற்றப்பட்டதா என்று அந்தக் கவுண்டரிலேயே உறுதி செய்யுங்கள். உங்களுக்கு இருக்கை போட்டுவிட்டுப் பூனையைப் பழைய விமானத்திலேயே விட்டுவைப்பது அடிக்கடி நடக்கிறது. நீங்களாக ரத்து செய்தால் பெரும்பாலும் கிடைக்காது. இரண்டு பட்ஜெட் நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்து இணைப்பு விமானம் பிடிப்பவர்கள், முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவதன் டிக்கெட், பூனைக் கட்டணம் இரண்டையும் இழப்பார்கள். நேரடி விமானம் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.